மூட்டை வேண்டாம், மாதிரிப் பை போதும்
வணக்கம். 1850களின் இங்கிலாந்துச் சந்தை நகரில் நடக்கும் உங்கள் கதையில், விவசாயி கோதுமை மூட்டைகளை வண்டியில் கொண்டுவந்து விற்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அதை மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் சிறு பையில் மாதிரித் தானியம்தான் சந்தைக்கு வரும். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, கடித்துப் பார்ப்பார். புஷல் என்பது தானியம் அளக்கும் அந்தக் கால ஆங்கில அளவு; 8 புஷல் ஒரு குவார்ட்டர். குவார்ட்டருக்கு இத்தனை ஷில்லிங் என்று விலை பேசுவார்கள். மூட்டைகள் அப்புறம்தான் போகும்.

வெண்ணெய், முட்டைக் கூடையோடு விவசாயியின் மனைவியையும் சந்தைக்கு அனுப்புங்கள். அது அவள் வியாபாரம். அந்தக் காசில் மளிகை வாங்கட்டும். ஆனால் பாக்கெட் சர்க்கரை வேண்டாம். நீலக் காகிதம் சுற்றிய கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியிலிருந்து கடைக்காரர் உடைத்து எடை போட்டுத் தருவார். அவள் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பதாக எழுதுங்கள், காட்சிக்கு உயிர் வந்துவிடும்.