வங்கதேசம்: வண்டலும் நெருக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் வங்கதேசத்தின் பெயர் அடிபடாத நாள் இல்லை. ஆர்டர் அங்கே போய்விட்டது என்று தொடங்கும் பேச்சு, "அவ்வளவு சின்ன நாட்டில் அவ்வளவு ஜனம் இருந்தால் கூலி எப்படி ஏறும்?" என்று முடியும். வெள்ளம் புகும் நிலத்தில் ஏன் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? அவர்களுடைய வறுமைக்கு மக்கள்தொகைதான் காரணமா? காலியாகக் கிடக்கும் மலைப்பகுதியில் ஒரு பகுதியினரைக் குடியேற்றினால் நெருக்கடி தீராதா?

தி., திருப்பூர்

அன்புள்ள தி.,

அந்த நிலத்தில் இத்தனை பேர் குடியிருப்பதற்கு வெள்ளமே முதற்காரணம். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. நாட்டின் பெரும்பகுதி அந்த வண்டல் படிந்து உருவானது. கரைமீறும் நீர் வயல்களை நனைத்து, நிலத்தடி ஊற்றுகளை நிரப்பி, மீனையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆவுஸ், அமன், போரோ என்று மூன்று பருவங்களில் நெல் விளைகிறது. இப்படிப்பட்ட மண்ணில் மக்கள் பெருகியதில் வியப்பில்லை. 2022 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல் வாழ்கிறார்கள். நகர நாடுகளையும் சிறு தீவுகளையும் விட்டுவிட்டால், உலகில் இதைவிட நெருக்கமான பெரிய நாடு வேறில்லை.

ஆனால் அந்த நிலம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் உணர்வதில்லை. இன்று ஜமுனா என்று அழைக்கப்படும் பேராறு, 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மைமன்சிங் வழியாக ஓடிய பிரம்மபுத்திரா பின்னர் மேற்கே விலகி அமைத்துக்கொண்ட புதிய தடம். அது இப்போதும் ஒரு கரையை அரித்து, வேறோரிடத்தில் ‘சர்’ எனப்படும் திட்டுகளை எழுப்புகிறது. ஆறு விழுங்கிய வயல் சில ஆண்டுகள் கழித்து மறுபடி தலைகாட்டினால் அது யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்காகவே ஆங்கிலேயர்கள் 1825இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பின்னும் சட்டங்கள் மாறின. நடைமுறையிலோ, புதிதாக எழும் திட்டை ‘லாட்டியால்’ எனப்படும் அடியாட்களை வைத்து முதலில் வளைத்துப்போடுகிறவர் பெரிய நிலக்காரர். வயலை இழந்த குடியானவர் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு அவரிடமே உழ வேண்டியவராகிறார். நிலம் போதவில்லை என்ற குறையைவிட, இருக்கும் நிலம் யார் கைக்குப் போகிறது என்பதே அங்கு வறுமையைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

1974ஆம் ஆண்டின் பஞ்சம் இதற்கு வலுவான சான்று. அந்த ஆண்டில் தலைக்குக் கிடைத்த உணவு தானியம் அதற்கு முந்தைய ஆண்டுகளையும் அடுத்த ஆண்டையும்விடக் குறைவாக இருக்கவில்லை. வெள்ளத்தால் நடவு வேலை நின்றது, கூலி கிடைக்கவில்லை, அரிசி விலை ஏறியது. ரங்பூரிலும் மைமன்சிங்கிலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் நிலமற்ற கூலிகள். அன்று ஏழு கோடியை ஒட்டியிருந்த மக்கள்தொகை இன்று ஏறத்தாழ 17 கோடி. இடைப்பட்ட காலத்தில் அரிசி விளைச்சல் ஏறத்தாழ ஒரு கோடி டன்னிலிருந்து மூன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் உயர்ந்துவிட்டது. அந்த உயர்வில் பெரும்பங்கு, குழாய்க் கிணற்றுப் பாசனத்தில் வறண்ட பருவத்தில் விளையும் போரோ நெல்லுடையது.

பிள்ளைப்பேறும் அங்கே கட்டுக்கடங்காமல் போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்றிருந்த சராசரி, 2010களில் இரண்டேகாலை ஒட்டி வந்து நின்றது. பெரும்பாலும் பெண்களைக் கட்டாயப்படுத்தி இதைச் சாதிக்கவில்லை. கிராமப் பெண்களையே பணியாளர்களாக அமர்த்தி, வீடு வீடாக அனுப்பி, மாத்திரையையும் விளக்கத்தையும் வாசலுக்கே கொண்டுபோனார்கள். மத்லப் வட்டாரத்தில் 1977இல் தொடங்கிய சோதனைத் திட்டம் இதற்கு வழிகாட்டியது. ‘பிராக்’ என்ற தொண்டு அமைப்பின் பணியாளர்களும் 1980க்கும் 1990க்கும் இடையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் நீரில் கலந்து வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் கொடுப்பதைத் தாய்மார்களுக்குச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பெண் நடந்தே ஒரு நாளில் பல வீடுகளைப் பார்த்துவிட முடிந்ததற்கு வீடுகள் நெருங்கியிருந்ததும் ஒரு காரணம். எதைச் சுமை என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ, அதுவே இங்கே வசதியாக அமைந்தது. உங்கள் தொழிலில் போட்டியாக வந்து நிற்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சேர்ந்த பெண்களில் பலர் இந்தத் தலைமுறையின் மகள்கள். அவர்களுடைய கூலி உயராததற்கு அவர்களுடைய எண்ணிக்கையை மட்டும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சங்கம் சேரவிடாத முதலாளிகளுக்கும் விலையைக் கீழேயே அழுத்தும் வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2013 ஏப்ரலில் சாவாரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, விரிசல் கண்ட கட்டடத்துக்குள் அவர்களை வேலைக்கு வரச்சொன்னது மக்கள்தொகை அல்ல.

உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் கலங்கவைத்தது. ஏனென்றால் நீங்கள் சொல்லும் அந்தத் தீர்வை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிட்டகாங் மலைப்பகுதி. சக்மா, மர்மா, திரிபுரா முதலிய பழங்குடிகள் அங்கே ஒரு சரிவில் பயிர் செய்துவிட்டு, மண் தேறும்வரை சில ஆண்டுகள் அதைத் தரிசாக விட்டு, வேறு சரிவுக்குப் போகும் ஜூம் வேளாண்மையை நம்பி வாழ்ந்தார்கள். அந்தத் தரிசுதான் வெளியாட்கள் கண்ணுக்குக் காலி நிலமாகத் தெரிந்தது. பாகிஸ்தான் ஆட்சிக் காலத்திலேயே, 1960களின் தொடக்கத்தில், காப்தாய் அணையின் நீர்த்தேக்கம் அப்பகுதியின் நல்ல உழவு நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை மூழ்கடித்தது; பெரும்பாலும் சக்மாக்களான ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். பிறகு 1979 முதல் அரசே சமவெளியின் ஏழை மக்களை லட்சக்கணக்கில் அங்கே குடியேற்றியது. மோதல்கள் பல ஆண்டுகள் நீண்டன. ஆயிரக்கணக்கான மலைமக்கள் இந்தியாவின் திரிபுரா மாநிலத்துக்கு அகதிகளாக ஓடிவந்தார்கள். 1997 டிசம்பரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆனால் பறிபோன நிலத்தைத் திருப்பிக்கொடுப்பது என்ற அதன் நடுநாயகமான வாக்குறுதி நிறைவேறவில்லை. சமவெளியின் நெருக்கம் இதனால் குறையவுமில்லை. அங்கே நிலமிழந்தவர்களுக்கு அங்கேயே நியாயமான பங்கு கொடுக்க மனமில்லாத ஆட்சியாளர்கள், அவர்களைவிட எளியவர்களின் நிலத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.