புற ஊதாவுக்கு ஏற்ற கண்ணாடி எது? – வாசகர் கேள்வி பதில்

புற ஊதாக் கதிரோடு பயன்படும் வில்லைகள், ஆடிகள், குவெட்டுகள் (கரைசலை ஊற்றி ஒளியில் அளக்கும் சிறு கலங்கள்), விளக்கு உறைகள் பற்றிப் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் டிஎன்ஏ கரைசலின் செறிவை 260 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பது வழக்கம். குவார்ட்ஸ் குவெட் உடைந்துவிட்டதால் கண்ணாடிக் குவெட்டை வைத்து அளந்தோம். தண்ணீரை நிரப்பிக் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடிந்தது. ஆனால் கரைசலை எவ்வளவு அடர்த்தியாக எடுத்தாலும் அளவீடு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை. இரண்டு குவெட்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெளிவாக இருக்கும்போது இது ஏன்? (ஆய்வக உதவியாளர், திருச்சி)

பதில்: கண் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை மட்டுமே. அந்த எல்லைக்குள் இரண்டும் தெளிவானவை என்பது உண்மை. ஆனால் 260 நானோமீட்டரில் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் ஏறக்குறைய 4.8 எலக்ட்ரான் வோல்ட்; இது ஊதா நிற ஒளித்துகளின் ஆற்றலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். குவார்ட்ஸ் குவெட் என்பது தூய சிலிக்காவால் ஆனது. அதில் ஒவ்வோர் ஆக்சிஜனும் இரு சிலிக்கான் அணுக்களோடு இறுகப் பிணைந்திருப்பதால், அதன் எலக்ட்ரான்களை இந்த ஆற்றல் அசைப்பதில்லை. கதிர் தடையின்றிக் கடந்துவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியில் உருகுநிலையைக் குறைப்பதற்காகச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள். அவை அந்தப் பிணைப்புகளில் பலவற்றைத் துண்டித்து, எளிதில் கிளர்ச்சியடையும் எலக்ட்ரான்களை உண்டாக்குகின்றன. மணலோடு வரும் மிகச் சிறிதளவு இரும்பும் புற ஊதாவை வலுவாக உறிஞ்சுகிறது. இதனால் கண்ணாடிக் குவெட்டும், பாலிஸ்டைரீனால் செய்த மலிவான பிளாஸ்டிக் குவெட்டும் ஏறத்தாழ 340 நானோமீட்டருக்குக் கீழே பயன்படுவதில்லை.

தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கும்போது, குவெட் விழுங்கிய ஒளியையும் கருவி கணக்கில் கழித்துவிடுகிறது. எனவே எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் உணரிக்கு வருவது 260 நானோமீட்டர் ஒளியின் சிறு எச்சமும், கருவிக்குள் சிதறித் திரியும் வேறு அலைநீள ஒளியும்தான். அந்தச் சிதறல் ஒளியை டிஎன்ஏ உறிஞ்சாது என்பதால், கரைசலை அடர்த்தியாக்கினாலும் அளவீடு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த அளவீடுகளை வைத்துச் செறிவைக் கணக்கிட்டிருந்தால், தயவுசெய்து அவற்றைக் கைவிட்டு மீண்டும் அளக்கவும். இனிமேல் ஒரு குவெட்டின் மீது ஐயம் வந்தால், எதையும் வைக்காமல் காற்றில் கருவியைப் பூஜ்யமாக்கிவிட்டு, தண்ணீர் நிரப்பிய குவெட்டை 260 நானோமீட்டரில் அளந்து பார்க்கலாம். நல்ல சிலிக்காக் குவெட்டானால் அளவீடு மிகச் சிறியதாக இருக்கும். கண்ணாடியானால் உடனே தெரிந்துவிடும்.

புதிதாக வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். இயற்கைக் குவார்ட்ஸை உருக்கிச் செய்ததும், சிலிக்கான் டெட்ராகுளோரைடு போன்ற சேர்மத்தைச் சுடரில் எரித்துச் செயற்கையாக உண்டாக்கியதும் கடையில் குவார்ட்ஸ் என்ற ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. முன்னதில் மாசுகளாலும் ஆக்சிஜன் குறைபாடுகளாலும் 240 நானோமீட்டரை ஒட்டி ஓர் உறிஞ்சல் பட்டை இருக்கலாம். பின்னது 190 நானோமீட்டருக்கும் கீழே தெளிவாக இருக்கும்.

குவெட் சரியாக இருந்தும் கரைப்பான் தவறாக அமைந்துவிடுவது உண்டு. அசிட்டோன் ஏறத்தாழ 330 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை மறைத்துவிடும். எத்தனால் 210 வரையும், தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் 190 வரையும் இடம் கொடுக்கும். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசையும் புற ஊதாவை உறிஞ்சும் என்பதால், குவெட்டை அதன் சொரசொரப்பான பக்கங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

கேள்வி: சிலிக்கா வில்லை ஒன்றின் குவியத் தூரத்தைச் சோடியம் விளக்கில் அளந்தபோது 100 மில்லிமீட்டர் வந்தது. அதே இடத்தில் உணரியை வைத்துப் பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளியைக் குவித்தால் கிடைப்பது மங்கலான வட்டம்தான். வில்லை பழுதா? (இயற்பியல் முதுகலை மாணவி, மதுரை)

பதில்: வில்லையில் பழுதில்லை. சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சோடியத்தின் மஞ்சள் ஒளிக்கு 1.458, 254 நானோமீட்டரில் அது ஏறத்தாழ 1.505. குவியத் தூரம், ஒளிவிலகல் எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் தொகைக்கு எதிர்விகிதத்தில் அமைவது. எனவே 100 மில்லிமீட்டர் என்பது இங்கே 91 மில்லிமீட்டருக்கு அருகில் சுருங்கிவிடுகிறது; உணரியை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வில்லையை நோக்கி நகர்த்துங்கள். இந்த நிறப் பிழையைத் தவிர்க்க இரு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வில்லைகளை வாங்கிவிட வேண்டாம்: அவற்றிலுள்ள கண்ணாடியும் ஒட்டும் பசையும் புற ஊதாவை விழுங்கும், பசை நாளடைவில் பழுப்பேறவும் செய்யும். புற ஊதாவுக்கென்றே சிலிக்காவையும் கால்சியம் ஃபுளூரைடையும் இடையே காற்று இடைவெளி விட்டு அமைத்த இணைகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் விலை அதிகம். உங்கள் சோதனைக்கு அலுமினியம் பூசிய குழியாடியே போதும் என்பது எங்கள் கருத்து. எதிரொளிப்புக் கோணம் அலைநீளத்தைப் பொறுத்து மாறுவதில்லை. சோதனையின்போது முகத்தையும் கண்ணையும் மறைக்கும் பாலிகார்பனேட் தடுப்பை அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியில் ஆடிகளுக்கு வெள்ளி பூசாமல் அலுமினியம் பூசியது ஏன்? காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கியைக் கொண்டே அந்த ஆய்வைச் செய்ய முடியாதா? (பள்ளி ஆசிரியர், வாணியம்பாடி)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை நடத்துவது பெங்களூரின் இந்திய வானியற்பியல் மையம். அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தியதும் அதே மையம்தான். ஆயினும் ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் கீழுள்ள வானொளியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், தரையில் எவ்வளவு பெரிய ஆடியை வைத்தாலும் அந்த ஒளி அதை வந்தடையாது. அதனால்தான் 2015 செப்டம்பர் 28 அன்று 37.5 சென்டிமீட்டர் விட்டமே உள்ள இரட்டைத் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று 130 முதல் 180 நானோமீட்டர் வரையிலான பகுதியைப் பார்க்கிறது. மற்றொன்று 200 முதல் 300 வரையிலான பகுதிக்கும் கண்ணுறு ஒளிக்குமாக அமைக்கப்பட்டது.

இனி ஆடிக்கு வருவோம். கண்ணுறு ஒளியை வெள்ளிபோல் எதிரொளிக்கும் உலோகம் வேறில்லை. ஆனால் 320 நானோமீட்டரை ஒட்டி வெள்ளியின் எதிரொளிப்பு சரிந்து, ஏறக்குறைய ஒளிபுகும் படலமாகவே ஆகிவிடுகிறது. தங்கம் நீல நிறத்திலேயே பின்தங்கிவிடும். அலுமினியம் மட்டுமே 200 நானோமீட்டர் வரை 90 சதவீதத்தை ஒட்டி எதிரொளிக்கும். தூய நிலையில் அதற்கும் வெகுதூரம் கீழே வரை செல்லும். அதைத் தூய நிலையில் வைத்திருப்பதுதான் கடினம். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படிகிறது. கண்ணுறு ஒளிக்கு அந்தப் படலத்தால் எந்தத் தீங்கும் இல்லை. 160 நானோமீட்டருக்குக் கீழே அது ஒளியை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. எனவே அலுமினியம் பூசிய அதே வெற்றிடக் கலத்தில், காற்றைத் திறந்துவிடும் முன்பே, மெக்னீசியம் ஃபுளூரைடை மெல்லிய படலமாகப் பூசிவிடுகிறார்கள். ஹபிள் தொலைநோக்கியின் ஆடியிலும் இதே இரட்டைப் பூச்சுதான். அதன் ஃபுளூரைடுப் படலத்தின் தடிமன் சுமார் 25 நானோமீட்டர். 1999இல் ஏவப்பட்ட ஃபியூஸ் தொலைநோக்கி இன்னும் குறுகிய அலைநீளங்களை நாடியதால், அதன் சில ஆடிகளில் லித்தியம் ஃபுளூரைடையும் மற்றவற்றில் சிலிக்கான் கார்பைடையும் பூசினார்கள்.

அஸ்ட்ரோசாட்டில் எங்களை மிகவும் கவர்ந்தது அதன் வடிகட்டிகள்தான். கால்சியம் ஃபுளூரைடு, பேரியம் ஃபுளூரைடு, நீலக்கல் என்னும் சஃபையர், சிலிக்கா ஆகிய ஒவ்வொன்றும் ஒளியை மறைக்கத் தொடங்கும் எல்லை வேறு வேறு. கால்சியம் ஃபுளூரைடு 125 நானோமீட்டரை ஒட்டியும், பேரியம் ஃபுளூரைடு அதற்குச் சற்று மேலேயும், சிலிக்கா 160 அளவிலும் கதவடைக்கின்றன. சாயமோ பல அடுக்குப் பூச்சோ இல்லாமல், பொருளின் இந்த இயல்பான எல்லையையே வடிகட்டியாக்கி, ஒரே விண்மீனை வெவ்வேறு புற ஊதாப் பட்டைகளில் ஒப்பிட முடிந்திருக்கிறது. மற்றக் கருவிகளில் குறையாகக் கருதப்படும் உறிஞ்சல் இங்கே அளவுகோலாகவே பயன்பட்டிருக்கிறது. மாணவர்களுக்கு அவசியம் சொல்லித்தர வேண்டிய பகுதி இது.

தூய்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். பசைகளிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் கசியும் கரிம ஆவி ஆடியில் ஒரு சில மூலக்கூறு அடுக்குகளாகப் படிந்தாலே தொலைப் புற ஊதாவில் ஒளி கணிசமாகக் குறைந்துவிடும். அதனால்தான் தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டே வளாகத்தின் தூய அறையில் இணைத்தார்கள். விண்ணில் ஏவிய பிறகும், விண்கலத்திலிருந்து ஆவிகள் வெளியேறும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் அதன் கதவுகளை மூடியே வைத்திருந்தார்கள்.

கேள்வி: வீட்டுக் குடிநீர்க் கருவியின் புற ஊதா விளக்கு மூன்று ஆண்டுகளாக நீல நிறத்தில் நன்றாகவே எரிகிறது. அதை மாற்றச் சொல்கிறார்கள், தேவையா? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: தேவைதான் அம்மா. நீங்கள் காணும் நீல ஒளி, பாதரசம் கூடவே வெளியிடும் கண்ணுறு ஒளி. கிருமியைக் கொல்லும் 253.7 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கின் சிலிக்காக் குழாய் நாள்பட நிறமேறி அந்தக் கதிரைத் தடுக்கத் தொடங்கினாலும் நீல ஒளி அப்படியே இருக்கும். இத்தகைய விளக்குகள் பலவற்றுக்கு 9,000 மணி நேரத்தை ஒட்டியே ஆயுள் சொல்லப்படுகிறது. இடைவிடாது எரிந்தால் அது ஓராண்டு. உப்பும் இரும்பும் மிகுந்த நிலத்தடி நீரானால், விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் படியும் மெல்லிய படிவும் கதிரைத் தடுக்கும். பராமரிப்புக்கு வருபவரிடம் அந்த உறையையும் துடைக்கச் சொல்லுங்கள். உறை உடைந்தால் சாதாரணக் கண்ணாடிக் குழாயைப் பொருத்த விடாதீர்கள். எரியும் விளக்கை வெளியே எடுத்துப் பார்க்கவும் கூடாது. கண்ணின் முன்படலம் சில நொடிகளில் புண்ணாகிவிடும்.

கேள்வி: எந்தப் பொருளும் ஊடுருவவிடாத புற ஊதா உண்டா? (மாணவர், கோவை)

பதில்: உண்டு. சற்றேறக்குறைய 185 நானோமீட்டருக்குக் கீழே காற்றிலுள்ள ஆக்சிஜனே கதிரைத் தடுத்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லைப்சிக் நகரின் விக்டர் ஷூமான், கருவி முழுவதையும் வெற்றிடத்தில் வைத்து, வில்லைகளை ஃபுளூரைட் படிகத்தில் செய்து, படத்தகட்டில் ஜெலட்டினையும் வெகுவாகக் குறைத்து இந்தத் தடையைக் கடந்தார். ஃபுளூரைட்டும் ஒளியை மறைக்கும் எல்லைக்கு அப்பால் செல்ல ஹார்வர்டின் தியடோர் லைமன் வில்லைகளையே கைவிட்டு, குழிந்த கீற்றணியை (நெருக்கமான நுண்கோடுகள் கீறிய ஆடியை) பயன்படுத்தினார், ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் கோட்டை 1906இல் அப்படித்தான் கண்டார். சாளரமாகப் பயன்படும் படிகங்களுள் கடைசி எல்லை லித்தியம் ஃபுளூரைடு. அதுவும் 105 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது.

அதற்குக் கீழே வில்லையும் சாளரமும் பயன்படா. ஆடி மட்டுமே துணை. இன்றைய மிக நுண்ணிய கணினிச் சில்லுகளை அச்சிடும் 13.5 நானோமீட்டர் கருவிகளில், மாலிப்டினமும் சிலிக்கானும் மாறிமாறிப் பல பத்து அடுக்குகளாகப் படிந்த ஆடிகள் பயன்படுகின்றன. ஒவ்வோர் அடுக்கும் சிறிதளவே எதிரொளித்தாலும், தடிமன் துல்லியமாக அமைந்தால் அவை ஒன்றுகூடி ஓர் ஆடிக்கு 70 சதவீதத்தை எட்டுகின்றன. இப்படிப் பத்து ஆடிகளைக் கடந்தால் புறப்பட்ட ஒளியில் எஞ்சுவது ஏறத்தாழ 3 சதவீதம்தான். அந்த இழப்பை ஈடுகட்டவே, உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் பாய்ச்சி, ஒவ்வொன்றையும் கார்பன் டை ஆக்சைடு லேசரால் தாக்கிப் பிளாஸ்மாவாக்கி ஒளி எடுக்கிறார்கள்.