இருபது தொட்டியா, இரண்டு தொட்டியா?

வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வில் இது எனக்கு முதலாண்டு. கடல்நீர் சூடாவதும் அமிலமாவதும் சிப்பிக்குஞ்சுகளின் வளர்ச்சியை எப்படி மாற்றுகின்றன என்பது தலைப்பு. இரண்டு மேல்தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் 28 டிகிரி, மற்றதில் 31. ஒவ்வொன்றிலிருந்தும் பத்துச் சிறு தொட்டிகளுக்கு நீர் இறங்குகிறது. தொட்டிக்குப் பத்துச் சிப்பி, ஆக வெப்பநிலைக்கு நூறு. என் நெறியாளரோ "உன் மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான்" என்கிறார். இது எப்படி? அடுத்த கட்டத்தில் பிஹெச்சைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடலாமா?

ச.

அன்புள்ள ச.,

நெறியாளர் சொல்வது சரி. 31 டிகிரி என்ற நிலையை நீங்கள் ஒரே ஒரு முறைதான் உருவாக்கியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு ஹீட்டர், ஒரு பம்ப், ஒரே நீர். அந்த மேல்தொட்டியில் பாக்டீரியா பெருகினாலும், நீர் ஆவியாகி உப்பு ஏறினாலும் பத்துத் தொட்டிகளுக்கும் சேர்ந்தே போய்ச் சேரும். வளர்ச்சி குறைந்தது சூட்டாலா, அந்த மேல்தொட்டியாலா என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதற்கு 'சூடோரெப்ளிகேஷன்', அதாவது போலி மறுசெய்கை என்று பெயர் வைத்தார். கடல் அமிலமாதல் சோதனைகளை அலசி 2016இல் வந்த ஒரு மதிப்பாய்வு, அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் வடிவமைப்பில் பிழை இருந்தது, அல்லது சரிபார்க்கும் அளவுக்கு விவரம் தரப்படவில்லை என்று காட்டியது. இந்தத் தவறில் நீங்கள் தனியாக இல்லை.

மேல்தொட்டியை விட்டுவிடுங்கள். தனித்தனி ஹீட்டர், தெர்மோஸ்டாட், பம்ப் கொண்ட 12 சிறு அமைப்புகள் போதும். சிப்பியைக் குறைத்து ஹீட்டரைக் கூட்டுவதே லாபம். எந்த அமைப்புக்கு எந்த வெப்பநிலை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வசதிக்காகச் சூடானவற்றை எல்லாம் ஒரு சுவர்ப் பக்கம் அடுக்கினால் பழைய கோளாறே திரும்பி வரும். பகுப்பாய்வில் ஓர் அமைப்பின் சராசரி ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

பன்னிரண்டையும் ஆறு ஆறாகப் பிரித்து 28, 31 என்று வைக்காதீர்கள். உயிரிகளின் வளர்ச்சி வெப்பநிலையோடு மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, பிறகு செங்குத்தாக விழும். 28 உச்சத்துக்கு இந்தப் பக்கமும் 31 அந்தப் பக்கமும் இருந்துவிட்டால் இரண்டிலும் ஒரே வளர்ச்சி தெரியும். 'சூட்டால் பாதிப்பில்லை' என்று எழுதி மாட்டிக்கொள்வீர்கள். 26 முதல் 33 வரை ஆறு வெப்பநிலைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அமைப்புகள் என்று வைத்து வளைகோட்டைப் பொருத்துங்கள். முதல் சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவி, மறுபடி சீட்டுக் குலுக்கி, இரண்டாம் சுற்று ஓட்டினால் வெப்பநிலைக்கு நான்கு கிடைக்கும். சூட்டை நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒவ்வோர் அமைப்பிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் லாகர் இருக்கட்டும். வரைபடத்தில் போட வேண்டியது தெர்மோஸ்டாட்டில் திருகிய எண்ணை அல்ல, லாகர் காட்டிய சராசரியை.

நீங்கள் கேட்காத ஒன்று, தீனி. பல ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். பத்து டிகிரி ஏறினால் வளர்சிதை மாற்றம் 2 முதல் 3 மடங்காகும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் மூன்று டிகிரிக்கே உணவுத் தேவை ஏறத்தாழ 25 முதல் 40 சதவீதம் கூடும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு பாசி ஊற்றினால், சூடான தொட்டியில் நீங்கள் ஆராய்வது சூட்டை அல்ல, பட்டினியை. ஆகவே ஊற்றும் அளவைச் சமமாக வைக்காமல் நீரில் நிற்கும் பாசி செல் அடர்த்தியைச் சமமாக வையுங்கள். நுண்ணோக்கியில் எண்ணி, குறைந்த தொட்டியில் நிரப்ப வேண்டும். மிஞ்சவும் விடக்கூடாது. மிஞ்சிய பாசி இரவில் சுவாசித்து பிஹெச்சை இறக்கிவிடும்.

அமிலத்துக்கு வருவோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் விட்டால் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறன், குறையும். கடலில் நடப்பது வேறு: கார்பன் டை ஆக்சைடு கரையும்போது நீரில் மொத்தக் கரிமம் கூடும், காரத்தன்மை அப்படியே இருக்கும். ஓடு கட்டும் உயிரியில் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்ய முடியாது. வாயுவைக் குமிழிடுங்கள். இல்லையென்றால் அமிலத்தோடு சம மோல் சோடியம் பைகார்பனேட் சேர்த்து, மூடிய கலத்தில் செய்யுங்கள். சிப்பி ஓடு கட்டும்போது தானே காரத்தன்மையைத் தின்னும் என்பதால் அதை வாரந்தோறும் அளந்து நீர் மாற்ற வேண்டும். பிஹெச், காரத்தன்மை இரண்டும் தெரிந்தால் மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். பிஹெச் மட்டும் போதாது.

பிஹெச் மின்முனையைக் கடைகளில் கிடைக்கும் நன்னீர் பஃபரில், அதாவது பிஹெச் தெரிந்த கரைசலில், அளவுதிருத்தம் செய்கிறீர்களா? கடல்நீருக்கான 'டோட்டல்' என்ற பிஹெச் அளவுகோலுக்கும் அதற்கும் சுமார் 0.1 முதல் 0.15 வரை வேறுபாடு உண்டு. தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பிஹெச் இறங்கியதே ஏறத்தாழ 0.1தான்! செயற்கைக் கடல்நீரில் கரைத்த டிரிஸ் பஃபரை, தொட்டியின் அதே வெப்பநிலையில் பயன்படுத்துங்கள்.

சூடான தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் நன்னீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் அல்ல. ஓட்டின் நீளத்தை அளப்பவருக்கு எந்தச் சிப்பி எந்தத் தொட்டி என்று தெரியக்கூடாது, அது நீங்களாகவே இருந்தாலும்.

புது அமைப்பு தயாராகும்வரை பழைய மேல்தொட்டிகளைக் கலைக்காதீர்கள். இரண்டிலும் 28 வைத்து மூன்று வாரம் வளர்த்து, நூறுக்கு நூறு என்று அதே மென்பொருளில் ஒப்பிட்டுப் பாருங்கள். சூடு ஒன்றுதான். அப்படியிருந்தும் வேறுபாடு தெரிந்தால், நெறியாளர் சொன்னது அதைத்தான்.