பூங்கா ஏரியில் கெண்டை பிடிக்கலாமா? லண்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, கேம்பர்வெல் பக்கம் வீடு கிடைத்துவிட்டது என்றும், மாலை நடையில் பர்ஜஸ் பார்க் ஏரிக்கரையில் ஒருவர் பெரிய கெண்டையைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டதைப் பார்த்து அசந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊரில் வாய்க்கால் ஓரம் தூண்டிலோடு வளர்ந்தவர் நீங்கள். இங்கே நீங்களும் தூண்டில் போடலாமா, யாராவது வந்து சத்தம் போடுவார்களா, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். முறைப்படி போனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் மீனை எடுத்துப்போகக் கூடாது. இந்த மூன்றாவதை மனசார ஏற்றுக்கொண்டால்தான் மற்ற இரண்டும் சுகமாக நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நன்னீரில் தூண்டில் போட ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் கோலுக்கான உரிமம், வேண்டும். அரசாங்க இணையதளத்தில் ஒரு நாளுக்கு, எட்டு நாளுக்கு, ஒரு வருஷத்துக்கு என்று தனித்தனியாக வாங்கலாம். 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனாலும் பதிவு செய்ய வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் போட முடியும். அதைவிட முக்கியம், அது குற்ற வழக்கு. விசா நீட்டிக்கும்போதும் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் தண்டனை ஏதும் உண்டா என்று கேட்கும் கட்டம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கெண்டைக்காக அந்தக் கட்டத்தில் பதில் எழுதும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

அது அரசாங்கத்தோடு முடிகிற கணக்கு. ஏரிக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேறு. பர்ஜஸ் பார்க் சதக் (Southwark) கவுன்சிலுடையது, அதனால் கவுன்சிலிடம் பெர்மிட் வாங்க வேண்டும். மற்ற பூங்காக்களில் அந்தந்தக் கவுன்சிலோ, அங்குள்ள மீன்பிடி சங்கமோ தரும். பெர்மிட்டில் உள்ள விதிகளை வரி விடாமல் படியுங்கள். எத்தனை ராட், எந்தக் கரை, இரவில் உட்காரலாமா, எந்த இரைக்குத் தடை என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி மாறும். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கெண்டை வகைகளைப் பிடிக்கத் தடை. ஏரி குளங்களில் பெரும்பாலும் அந்தத் தடை இல்லை, ஆனால் சில பூங்காக்கள் தாமாகவே அதைக் கடைப்பிடிக்கின்றன.

சரி, மீனுக்கு வருவோம். பிடித்த மீனை ஏன் விடுகிறார்கள் என்பது நம் ஆட்களுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகும். சட்டப்படி ஏரி மீன் சொந்தக்காரரின் சொத்து, அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றம். ஆனால் கரையில் இருப்பவர்கள் சட்டத்துக்குப் பயந்து விடுவதில்லை. கெண்டை நீண்ட நாள் வாழும் மீன், நல்ல ஏரியில் நாற்பது வருஷம் தாண்டுவதும் உண்டு. ஒவ்வொன்றின் செதில் அமைப்பும் வேறு. பழைய படங்களோடு ஒப்பிட்டு, இது இன்ன மீன், ஐந்து வருஷத்துக்கு முன் இவ்வளவு எடை என்று சொல்லிவிடுவார்கள். பெயரும் வைத்திருப்பார்கள். கெண்ட் மாவட்டத்துக் கானிங்புரூக் ஏரியில் 'டூ டோன்' என்று ஒரு கெண்டை இருந்தது. இந்த நாட்டின் எடைச் சாதனை அதன் பெயரில்தான் இருந்தது. 2010-இல் அது செத்தபோது கரையிலேயே புதைத்தார்கள், பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் என்ற சிறு குளத்தில் 44 பவுண்டு கெண்டை ஒன்றைப் பிடித்தார், சுமார் இருபது கிலோ. அதுவரை இங்கே அவ்வளவு பெரிய கெண்டையைத் தூண்டிலில் யாரும் ஏற்றியதில்லை. அதை அவர் கொல்லவில்லை. லண்டன் விலங்குக்காட்சி சாலைக்குத் தகவல் சொல்லி உயிரோடு அனுப்பிவைத்தார். அங்கே கண்ணாடித் தொட்டியில் 1971 வரை அது வாழ்ந்தது. அந்த மீனைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே கெண்டைப் பைத்தியமானது என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

உங்கள் பூங்காவுக்கும் ஒரு கதை உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் வீடும் தொழிற்சாலையும் கால்வாயுமாக இருந்தது. போருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடித்து, கால்வாயைத் தூர்த்துப் பூங்கா ஆக்கினார்கள். தண்ணீரே இல்லாத புல்தரையில் ஒரு பாலம் நிற்கிறதே, அது பழைய கால்வாய்க்குக் கட்டியது. ஏரி அதற்குப் பின்னால் 1980-களில் தோண்டியது. பஸ் சத்தம் கேட்கும் தூரத்தில், ஆள் கையால் வெட்டிய தண்ணீரில் இப்படி மீன் வளர்கிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

அங்கே நீங்கள் பார்த்தது, உடம்பில் அங்கங்கே பெரிய செதில் மட்டும் இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது மிரர் கார்ப். நமக்குப் புதிதில்லை. 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் விட்டார்கள், ஊட்டி ஏரியில் இருப்பது அதன் வம்சம்தான்.

இனி எப்படிப் பிடிப்பது. ஊரில் நாம் முள்ளை இரைக்குள் மறைத்துப் போடுவோம். இங்கே முள் வெறுமையாக இருக்கும். முள்ளின் தண்டிலிருந்து ஒரு விரல்கடை நீளத்துக்கு மெல்லிய நரம்பு வால்போலத் தொங்கும். இரையை அந்த வாலில் கோர்த்து, நழுவாமல் இருக்கச் சின்ன பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை நுனியில் செருகுவார்கள். கெண்டை எதையும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் துப்பும் மீன். உறிஞ்சும்போது இரையோடு முள்ளும் உள்ளே போகும். துப்பும்போது வெறும் முள் கீழுதட்டில் கொக்கி போட்டுக்கொள்ளும். அந்த உறுத்தலில் மீன் ஓடப் பார்க்கும், அப்போது ஈயக்குண்டின் கனமே முள்ளை ஆழ இறக்கிவிடும். 1980 வாக்கில் பரவிய இந்த உத்தி கெண்டை பிடிக்கும் கலையையே புரட்டிப்போட்டது. ஒன்றில் கவனம்: நரம்பு அறுந்தால் குண்டு தானாகக் கழன்று விழும்படிதான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மீன் அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டே திரிந்து செத்துப்போகும். சின்ன ஈயக்குண்டுகளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது. அன்னங்கள் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கிக் கூட்டமாகச் செத்ததால் வந்த தடை.

இரைக்குக் கடையில் காசைக் கொட்ட வேண்டாம். டின்னில் வரும் ஸ்வீட் கார்ன் போதும். கொண்டைக்கடலையும் கெண்டைக்கு உயிர். ராத்திரி ஊறவைத்து, சுண்டலுக்கு வேகவைப்பதுபோல நன்றாக வேகவையுங்கள், உப்பு மட்டும் வேண்டாம். அரைவேக்காட்டுக் கடலை மீன் வயிற்றில் போய் ஊதும். இங்கே எல்லோரும் போடும் பாய்லி என்ற உருண்டையும் ரவை, சோயா மாவு, முட்டை சேர்த்துப் பிசைந்து கொதிநீரில் போட்டு எடுப்பதுதான்.

நரம்பு 12 முதல் 15 பவுண்டு தாங்குவதாக, முள் நுனியில் எதிர்க்கூர் இல்லாததாக இருக்கட்டும். ஒரு ராட் போதும். ஆனால் ராடுக்கு முன்னால் வாங்க வேண்டியது பெரிய கைவலையும், மீனைக் கிடத்தும் மெத்தையும். பல பெர்மிட்டில் இவை இரண்டும் கட்டாயம், கட்டாயம் இல்லாவிட்டாலும் வாங்குங்கள்.

மீன் வலைக்குள் வந்ததும் உடனே தூக்காதீர்கள். தண்ணீரிலேயே வைத்து, மூச்சு வாங்கவிட்டு, அதற்குள் மெத்தையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். கையையும் நனையுங்கள். மீனின் மேல் உள்ள வழுவழுப்புதான் அதற்கு நோய்க் காப்பு, காய்ந்த கை பட்டால் அது கழன்றுவரும். வலையோடு தூக்கி மெத்தையில் கிடத்தி, கட்டைவிரலால் முள்ளைப் பின்பக்கமாகத் தள்ளினால் சுலபமாக வந்துவிடும். படம் எடுக்க மண்டியிட்டு, மெத்தைக்கு மேலேயே தாழப் பிடியுங்கள். நின்றுகொண்டு தூக்கினால் ஒரு துள்ளலில் சிமெண்டுத் தரையில் விழும். பிறகு தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்திருங்கள். செவுள் சீராக அடிக்கத் தொடங்கி, வாலால் உங்கள் கையைத் தள்ளிவிட்டு அதுவாகப் போகும்.

பூங்காவில் ஏரியைவிடப் பாதையில்தான் கூட்டம். ராடை வீசும் முன் ஒவ்வொரு முறையும் பின்னால் பாருங்கள். தள்ளுவண்டிக் குழந்தை, ஓடுகிறவர், சைக்கிள் எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் போகும். தலைக்கு மேல் சுழற்றி வீசுவதை விட்டுவிட்டு, இடுப்பளவில் மெதுவாக ஊஞ்சலாட்டி விடுங்கள். தூரம் தேவையில்லை, கெண்டை நாணல் ஓரமாகவே உலாவும். நாய்கள் மோப்பம் பிடித்து இரை டப்பாவில் வாய் வைக்கும், அதனால் மூடி போட்டே வையுங்கள். இரை கோர்த்த முள் தரையில் ஒரு நிமிஷம்கூடக் கிடக்கக் கூடாது. அன்னம் பக்கத்தில் வந்தால் நரம்பைச் சுற்றிவிட்டுக் காத்திருங்கள். பறவை மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துத் துரத்தாதீர்கள். மெல்ல இழுத்து, தலையில் துண்டு போட்டு மூடி, ஷெப்பர்ட்டனில் உள்ள அன்னப் பறவைக் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். வெட்டிய நரம்புத் துண்டு விரல் நீளமானாலும் பைக்குள் போகட்டும், அது நாமக்கோழியின் காலில் சுற்றினால் கால் அழுகிவிடும். தூண்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் காபி வாங்கப் போவதும் விதிமீறல்.

சத்தம் போடுவார்களா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் நிறத்தைப் பார்த்ததும், மீனை எடுத்துப்போய்ச் சமைக்க வந்தவர் என்று நினைக்கிற சிலர் கரையில் உண்டு. எனக்கும் அந்தப் பார்வை கிடைத்திருக்கிறது, வலித்தது. அதற்காகக் கரையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. லைசென்ஸும் பெர்மிட்டும் போனில் இருக்கட்டும், பெய்லிஃப், அதாவது இவற்றைச் சரிபார்க்கும் காவலர், வந்தால் சிரித்த முகமாகக் காட்டுங்கள். விரித்து நனைத்த மெத்தையைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேரின் முகம் மாறிவிடும், அடுத்த பேச்சு எங்கே கடிக்கிறது என்பதாகத்தான் இருக்கும். பக்கத்துத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது இப்படி உட்கார்ந்த கரைகளில்தான். அலுவலகத்தில் வருஷக்கணக்கில் வணக்கத்தோடு நிற்கிற உறவு, இங்கே ஒரு மீன் ஏறினால் கைவலை பிடிக்க ஓடிவரும்.

நேரம் என்று பார்த்தால் விடியற்காலைதான் சிறந்தது, கூட்டமும் இருக்காது. மே, ஜூனில் தண்ணீர் சூடேறியதும் கெண்டைகள் கரையோரம் கூட்டமாகப் புரண்டு முட்டையிடும், அந்த நாட்களில் தூண்டிலை எடுக்காதீர்கள். கடும் வெயிலில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும்போதும் வேண்டாம். தொடங்குவதற்குச் செப்டம்பர் நல்ல மாதம், குளிருக்கு முன் அவை நன்றாகத் தின்னும். ஒரு ஏரியில் போட்ட வலையையும் மெத்தையையும் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்குக் கொண்டுபோங்கள். கெண்டைக்கு வரும் ஒருவகை ஹெர்பீஸ் வைரஸ் ஈர வலையிலேயே பயணம் செய்து ஏரியையே காலி செய்துவிடும்.

அப்புறம் குழம்பு. அதற்கு டூட்டிங்குக்கோ ஈஸ்ட் ஹாமுக்கோ போங்கள். நம் கடைகளில் ரோகு, கட்லா உறைந்த துண்டுகளாகக் கிடைக்கும், புளி கரைத்து வைத்தால் மண்சட்டிக் குழம்பு ருசி வந்துவிடும். கெண்டையே வேண்டுமென்றால் டிசம்பரில் போலந்துக்காரர்கள் கடையில் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அவர்கள் வீட்டில் கெண்டைதான் சமையல், அந்த வாரம் முழு மீனாகவே வரும். முள் அதிகம், வாலோரத் துண்டைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.