ரோட்டர் இல்லாத சைக்கிள்

கேள்வி: 1980-களின் பி.எம்.எக்ஸ் ஃப்ரீஸ்டைல் சைக்கிள்களை, அதாவது வித்தை காட்டும் சின்னச் சக்கர சைக்கிள்களை, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இன்றைக்கும் ஏன் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்? இன்றைய சைக்கிள்கள் எல்லா வகையிலும் அவற்றைவிட மேல் இல்லையா?

மேல்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்னிடம் 1986-ஐச் சேர்ந்த ஜிடி பெர்ஃபார்மர் ஒன்று இருக்கிறது. கனம் அதிகம். பிரேக்கை அழுத்தினால் முதலில் சத்தம் வரும், அப்புறம் யோசித்து நிற்கும். பிளாஸ்டிக் சக்கரங்கள் வளைவில் லேசாகக் குழையும். என் அண்ணன் மகனின் புது சைக்கிளில் பத்து நிமிடம் சுற்றிவிட்டு இதில் ஏறினால், இதை வைத்துக்கொண்டா அந்தக் காலத்தில் அத்தனை வித்தை காட்டினார்கள் என்று தோன்றும்.

அப்படித் தோன்றுவதால்தான் எனக்கு இதைப் பிடிக்கிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது எதிர்வீட்டு நண்பனின் அண்ணன் ஒரு ஜிடி வைத்திருந்தார். பளபளக்கும் குரோம் பூச்சு, வெள்ளை நிற ஸ்கைவே டஃப் சக்கரங்கள். "அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு" என்று நான் கெஞ்சாத நாளே கிடையாது. கடைசியில் ஒரு நாள் கொடுத்தார். "முன் பிரேக்கை மட்டும் தொடாதே" என்றார். தொட்டேன். பின்சக்கரம் தூக்கிக்கொண்டது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தேன். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் செய்தது எண்டோ என்ற வித்தையின் முதல் பாதி என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் பாதியில் விழாமல் இருக்க வேண்டுமாம்.

வித்தைகளை நாங்கள் கற்றது பத்திரிகைப் படங்களிலிருந்து. கலிபோர்னியாவின் டாரன்ஸிலிருந்து விசார்ட் பப்ளிகேஷன்ஸ் என்ற நிறுவனம் பி.எம்.எக்ஸ் ஆக்‌ஷன் இதழை நடத்தி வந்தது. 1984-ல் ஃப்ரீஸ்டைலுக்கென்றே ஃப்ரீஸ்டைலின் என்ற இதழையும் அவர்கள் தொடங்கினார்கள். அந்த எதிர்வீட்டு அண்ணனிடம் அதில் நாலைந்து இதழ்கள் இருந்தன, ஓரமெல்லாம் கிழிந்து. ஒரு வித்தையை ஐந்தாறு படங்களாக வரிசையில் போட்டிருப்பார்கள். முதல் படத்தில் ஆள் சும்மா வருகிறார். மூன்றாவது படத்தில் சைக்கிள் செங்குத்தாக நிற்கிறது. நான்காவதில் ஆள் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எந்தப் படமும் சொல்லாது. அந்த இடைவெளியைத் தரையில் விழுந்து விழுந்துதான் நிரப்பினோம். இப்போது எந்த வித்தையையும் வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நல்லதுதான், பற்கள் மிச்சமாகும். ஆனால் அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் ஒரே வித்தையை மூன்று விதமாகச் செய்தோம். மூன்றுமே தப்பு என்பது வேறு விஷயம்.

இந்த விளையாட்டே அப்படித் தப்பும் தவறுமாக வளர்ந்ததுதான். 1970 வாக்கில் தெற்குக் கலிபோர்னியாவில் பிள்ளைகள் ஷ்வின் ஸ்டிங்ரே என்ற சின்னச் சக்கர சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்மேட்டில் மோட்டோகிராஸ் வீரர்களைப் போல ஓட்டிப் பார்த்தார்கள். பி.எம்.எக்ஸ் பந்தயம் அதிலிருந்து பிறந்தது. எழுபதுகளின் கடைசியில் சிலர் அதே பந்தயச் சைக்கிளோடு ஸ்கேட்போர்டுப் பூங்காக்களின் குழிகளில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் பாப் ஹாரோ. பி.எம்.எக்ஸ் ஆக்‌ஷனில் படம் வரைந்துகொண்டிருந்தவர், பந்தயச் சைக்கிளின் முன்னால் மாட்டும் எண் பலகைகளைச் செய்து விற்றவர். வேற்றுக்கிரகக் குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு பையன்கள் சைக்கிளில் பறக்கும் 1982-ன் ஹாலிவுட் படத்தில் சாகசக் காட்சிகளுக்கு ஓட்டியவர்களில் அவரும் உண்டு. அதே வருடம் அவர் பெயரில் ஹாரோ ஃப்ரீஸ்டைலர் வந்தது. டார்க்கர் நிறுவனம் செய்துகொடுத்த அந்த ஃபிரேம்தான் வித்தைக்கென்றே வடிவமைத்த முதல் ஃபிரேம். அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். ரெட்லைன் நிறுவனம் ஆர்.எல்-20 கொண்டுவந்தது. ஹட்ச் நிறுவனத்திடமிருந்து ட்ரிக் ஸ்டார், ஜிடியிலிருந்து பெர்ஃபார்மர்.

பழைய ஃபிரேம்களை வரிசையாக நிறுத்திவைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். சில மாடல்களில் சீட் குழாய்க்குப் பக்கத்தில் ஏறி நிற்பதற்கு ஒரு சின்னத் தட்டு பற்றவைத்திருக்கும். சிலவற்றில் ஃபோர்க்கின் கால்களில் கட்டைவிரல் நீளத்துக்குக் கால்தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கர அச்சில் மாட்டும் பெக் என்ற கால்தாங்கிக் குழாய் எல்லோருக்கும் வழக்கமாவதற்கு முந்தைய காலம் அது. யாரோ ஒருவர் வழுக்கலான குழாயில் ஏறி நின்று, விழுந்து, 'இங்கே கொஞ்சம் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே' என்று நினைத்திருக்கிறார். அடுத்த வருட மாடலில் அந்த இடம் வந்துவிட்டது. இன்றைய ஃபிரேமில் இந்த மேடு பள்ளம் எதுவும் இல்லை. எது தேவை, எது தேவையில்லை என்று அதற்குத் தெரியும். பழையதற்குத் தெரியாது. அதனால்தான் அதை உட்கார்ந்து படிக்க முடிகிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ரோட்டர் கதை. ஹேண்டில்பாரைச் சுற்றினாலும் பின் பிரேக் கேபிள் சிக்காமல் காக்கும் சாமான்தான் ரோட்டர். ஹேண்டில்பாரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறீர்கள் என்று வையுங்கள். முன் பிரேக்கின் கேபிளுக்கு ஆபத்தில்லை, ஃபோர்க்கும் கூடவே சுற்றிவிடும். பின் பிரேக்கின் கேபிள் அப்படி இல்லை. ஃபிரேமின் கழுத்தில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். கேபிளை நீளமாக விட்டால் ஒரு சுற்று தாங்கும், அடுத்த சுற்றில் இழுத்துப் பிடிக்கும். சிலர் பின் பிரேக்கையே கழற்றி எறிந்தார்கள். சிலர் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் போட்டுக்கொண்டார்கள். எண்பதுகளின் நடுவில் பிரையன் ஸ்கூரா ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்தைச் சுற்றி இரண்டு தட்டுகள், நடுவில் பேரிங். மேலிருந்து வரும் கேபிள் மேல்தட்டை இழுக்கும், கூடவே கீழ்த்தட்டும் எழும்பும், அதிலிருந்து போகும் கேபிள் பிரேக்கைப் பிடிக்கும். மேல்தட்டு எந்தப் பக்கம் எத்தனை முறை சுழன்றாலும் கீழ்த்தட்டுக்குக் கவலையில்லை. ஜைரோ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பி 'ஓரிக்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஏ.சி.எஸ் நிறுவனத்தின் ரோட்டரும் இதே வகை. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தச் சாமான் வந்த பிறகு விளையாட்டே வேறாகிவிட்டது.

சரி, இவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஏன் நின்றது? எண்பதுகளின் கடைசியில் மலைச் சைக்கிள் அலை வந்தது, பணம் அந்தப் பக்கம் போனது. 1989-ல் ஃப்ரீஸ்டைலின் நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கனடாவின் கிச்சனரில் மாட் ஹாஃப்மன் அந்தரத்தில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கியதும் அதே 1989-ல்தான். போட்டியில் யாரும் அதற்கு முன் செய்யாத 900 டிகிரி. தொழில் படுத்துக்கொண்ட வருடத்தில் விளையாட்டு மட்டும் எழுந்து நின்றது. பிறகு அது பிழைத்து, டோக்கியோ ஒலிம்பிக் வரை போய்விட்டது. பழைய சைக்கிள்கள் பிழைக்கவில்லை. துருப்பிடித்தன, குப்பைக்குப் போயின, தம்பிகளுக்குப் போய் உடைந்தன. வித்தைக்கென்றே செய்த பொருள் என்பதால் நன்றாக ஓட்டப்பட்டது எதுவும் முழுசாக மிஞ்சவில்லை. ஒட்டிய ஸ்டிக்கரோடு அப்படியே தப்பிய சைக்கிளைச் சேகரிப்பாளர்கள் 'சர்வைவர்' என்பார்கள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிடங்கிலேயே கிடந்த பழைய உதிரிபாகத்துக்கு 'என்.ஓ.எஸ்' என்று பெயர். அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே சிலருக்குக் கை நடுங்கும். எனக்கும்தான்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலாக வாங்கிய பழைய ஃபிரேமில் குரோம் பாதி உரிந்திருந்தது, ஸ்டிக்கர் வெளிறியிருந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் இடதுபக்கக் கீழ்க்கம்பியான செயின்ஸ்டேயில் முன்பு வைத்திருந்த யாரோ ஒரு பையன் ஆணியால் இரண்டு எழுத்துகள் கீறியிருந்தான். நான் எல்லாவற்றையும் சுரண்டி, மெருகேற்றி, புதிதாகக் குரோம் போட்டு, புதிதாக அச்சிட்ட ஸ்டிக்கர்களை அளந்து ஒட்டினேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரம் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். அப்புறம் அந்தப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. மெருகேற்றும் சக்கரம் அந்த இரண்டு எழுத்துகளைத் தின்றுவிட்டது. என்ன எழுத்துகள் என்று குறித்துக்கூட வைக்கவில்லை.

அதனால் இப்போதைய பெர்ஃபார்மரில் நான் செய்தது குறைவு. அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் குரோமின் மேல்துரு போய்விடும், பூச்சு தங்கும். அது போதும். நைலான் சக்கரங்கள் வெயிலில் மஞ்சளாகிவிட்டன, அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், அது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். கழுத்துக் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சின்னப் புடைப்போ விரிசலோ இருந்தால் எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். சீட் கம்பி அசைகிறதா என்றும் பாருங்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி இருபது வருடம் கிடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிரிக்க ஒரு வாரமும் நிறைய வசவும் தேவைப்படும். ஹாரோவும் ஜிடியும் தங்கள் பழைய மாடல்களைத் திரும்பவும் செய்து விற்றிருக்கின்றன. ஓட்ட மட்டும்தான் ஆசை என்றால் அவையே புத்திசாலித்தனம். நான் புத்திசாலி இல்லை.

சுவரில் மாட்டிவைப்பவர்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. எனக்கு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் அதிகாலையில் ஆள் இல்லாத தளத்துக்குப் போகிறேன். எண்டோ நிற்கிறது. ராக்வாக், அதாவது முன்சக்கரத்தை நிறுத்திப் பின்பக்கத்தை அரைவட்டம் வீசி, உடனே பின்சக்கரத்தில் ஊன்றி முன்பக்கத்தைத் திருப்புவது, பத்தில் நான்கு முறை வருகிறது. மீதி ஆறு முறை முழங்கால் பேசுகிறது.

இந்த சைக்கிள் என்னிடம் வந்தபோது ரோட்டர் இல்லை. ஒரு பழைய ஏ.சி.எஸ் ரோட்டரை இரண்டு வருடம் தேடி வாங்கி மாட்டினேன். சின்ன வயதில் நாங்கள் யாரும் அதைத் தொட்டதே கிடையாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இடதுபக்கம் ஒரு சுற்று, உடனே வலதுபக்கம் ஒரு சுற்று, கேபிள் அவிழ்வதற்காக. இப்போது ரோட்டர் இருக்கிறது, ஒரே பக்கமாக நாள் முழுக்கச் சுற்றலாம். ஒரு மாதம் ஓட்டினேன். கைகள் மட்டும் இடது ஒன்று, வலது ஒன்று என்றுதான் சுற்றின. எவ்வளவு முயன்றும் மாற்ற முடியவில்லை. கழற்றி, எண்ணெய் துடைத்து, பெட்டியில் வைத்துவிட்டேன்.