வீட்டிலும் வேலையிலும் விசுவாசம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஆராதனையில் விசுவாசமாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை, பாட்டும் ஜெபமும் நம்மைத் தாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள்ளும் வேலையிலும்தான் இடறுகிறோம். வந்த கேள்விகளும் அதைப் பற்றியே இருந்தன. பல வருடங்களாக வேதபாடம் எடுத்து, வீடுகளில் உட்கார்ந்து கேட்டு, பேசி அறிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். எழுந்தது முதல் படுக்கும்வரை ஓட்டம்தான். அமைதியாக உட்கார்ந்து ஜெபம்பண்ணியே மாதங்கள் ஆகிவிட்டன. குற்றவுணர்வாக இருக்கிறது.

'இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்' என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதே நிருபத்தில் தான் இரவும் பகலும் கைவேலை செய்ததையும் எழுதுகிறார். கூடாரம் தைக்கிறவர் அவர். வேலையை நிறுத்திவிட்டுத்தான் ஜெபிக்க வேண்டுமென்றால் அந்த வசனத்தை அவராலேயே கைக்கொண்டிருக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸும் பாத்திரங்களுக்கு நடுவிலேதான் தேவனோடு பேசப் பழகினார்.

தினமும் எப்படியும் செய்கிற வேலை ஒன்றோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்தப் பிள்ளைக்காக ஒரு வரி, துணி மடிக்கும்போது அது யாருடைய சட்டையோ அவருக்காக ஒரு வரி, அவ்வளவு போதும். அப்புறம், பிள்ளைகளின் அப்பாவும் விசுவாசியாக இருந்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அது அவருடைய ஊழியம்.

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் முடியப்போகும் விற்பனையை இந்த மாதக் கணக்கிலேயே எழுதச் சொல்கிறார் மேலாளர். விசுவாசி என்றால் வேலையை விட்டுவிட வேண்டுமா?

உடனே விட வேண்டாம் பிரதர். யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதீர்கள் என்றார் (லூக்கா 3). நாற்காலி அதேதான், அதில் உட்கார்ந்து செய்கிற காரியம் மாற வேண்டும்.

எப்படி மறுப்பது என்பதற்கு தானியேலின் முதல் அதிகாரத்தைப் படியுங்கள். பாபிலோன் அரண்மனைக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட அவன், தன்னைத் தீட்டுப்படுத்தும் ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று முகத்திலடித்தாற்போலச் சொல்லவில்லை. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு மாற்று வழியோடு போனான், ஏனென்றால் தன்னால், தங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரதானிகளின் தலைவனுடைய தலை போய்விடக்கூடாதே. நீங்களும் மேலாளரின் நெருக்கடியைப் புரிந்துகொண்டு பேசுங்கள்: "சார், இதை இந்த மாதத்தில் எழுத என்னால் முடியாது. உறுதியான ஆர்டர்கள், இன்னும் முடியாதவை என்று தனியாக ஒரு பட்டியல் போட்டு இன்றைக்கே தருகிறேன், மேலிடத்துக்கு அதைக் காட்டலாம்." பேசியதை மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள். அப்படியும் அவர் பிடிவாதம் பிடித்தால் விலை கொடுக்க நேரலாம், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். தேவன் எங்களை 'விடுவிக்காமற்போனாலும்' ராஜாவின் சிலையை வணங்கமாட்டோம் என்று அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்று சொன்ன மூன்று பேரும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறார்கள். வேலை போனால் சபையாரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அப்போது தோள் கொடுக்காத சபை நேர்மையைப் பற்றிப் பிரசங்கித்து என்ன பயன்?

கேள்வி: என் தங்கையை அவள் கணவர் அடிக்கிறார். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே, பொறுத்துக்கொண்டு அங்கேயே இரு என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: முதலில் தங்கையைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டி வாருங்கள். மீதி எல்லாம் அப்புறம்.

ஏழெழுபதுதரம் என்பது மத்தேயு 18இல் இருக்கிறது. அதே அதிகாரத்தில், குற்றம் செய்தவனிடம் நேரில் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு வசனத்தை மட்டும் அடி வாங்குகிறவளிடம் காட்டுவது அநியாயம்.

தாவீதைப் பாருங்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் தூங்கிக்கொண்டிருக்கிறான், அவனுடைய ஈட்டி தலைமாட்டில் தரையிலே குத்தியிருக்கிறது. ஒரே குத்தில் முடித்திருக்கலாம். தாவீது அவனைத் தொடவில்லை, ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, தூரத்தில் மலையுச்சிக்குப் போய் நின்றபிறகுதான் கூப்பிடுகிறான். இருவருக்கும் நடுவே நல்ல தூரம் இருந்தது என்று வேதமே குறித்துவைத்திருக்கிறது (1 சாமுவேல் 26). சவுல், நான் பாவஞ்செய்தேன், என் குமாரனே திரும்பி வா என்கிறான். தாவீது போகவில்லை. ஈட்டியை வாங்கிக்கொள்ள ஒரு வாலிபனை அனுப்பும்படி சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். பழிவாங்கவில்லை, அதற்காகத் திரும்பவும் ஈட்டி எட்டுகிற தூரத்தில் போய் உட்காரவும் இல்லை.

ஆகவே மன்னிப்பது தங்கை தேவனுக்கு முன்பாக, அவளுக்கு முடிகிற வேகத்தில் செய்ய வேண்டியது, அவசரப்படுத்தாதீர்கள். சேர்ந்து வாழ்வது வேறு விஷயம். அவர் உண்மையாக மாறிவிட்டாரா என்று வெகுநாள் பார்த்த பிறகே அதைப் பேசலாம். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள், காவல்துறைக்குப் போக வேண்டியிருந்தால் போங்கள். அதிகாரம் தீமை செய்கிறவனைத் தண்டிக்கவே இருக்கிறது என்று ரோமர் 13 சொல்கிறதே.

கேள்வி: கடன் இருக்கும்போது தசமபாகம் கொடுக்க வேண்டுமா?

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது: சபைக்குச் சபை இதில் போதனை வேறுபடும், என் புரிதலைச் சொல்கிறேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7). அடுத்தவருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்து அதைக் காணிக்கைப் பையில் போடுவதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. தவணையைக் கட்டுங்கள், வீட்டைப் பாருங்கள். அதற்குமேல் சிறிதானாலும் மனதாரக் கொடுங்கள், கொடுக்கிற பழக்கம் மட்டும் விட்டுப்போக வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்தில் எப்படிச் சாட்சி சொல்வது?

கேட்டால் சொல்லுங்கள், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் (1 பேதுரு 3). கேட்காதவர்களுக்குக் காலை ஆறு மணிக்கு வசனம் அனுப்ப வேண்டாம். அவர்களைப் பற்றிப் புறம் பேசாமலும், சொன்ன நாளில் வேலையை முடித்தும் இருந்தாலே கேள்வி தானாக வரும்.

கேள்வி: அம்மா இறந்து ஒரு வருடமாகிறது. ஜெபிக்க வாய் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

இல்லையம்மா. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடியல் இல்லை. அதையும் ஜெபம் என்றே வேதம் வைத்திருக்கிறது. போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின்கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவன் மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட வைத்தான். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். உங்களுக்கு வார்த்தை வராத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க ஒரு ஆளைக் கேளுங்கள். தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன் நான். வேதத்தை எங்கிருந்து தொடங்க?

மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரங்கள்தான், ஒரு நாளைக்கு ஒன்று. அப்புறம் யாக்கோபு, ஐந்தே அதிகாரம், ஆனால் மெதுவாகப் படிக்க வேண்டும். இரண்டாம் அதிகாரத்தில், பசித்தவனைப் பார்த்துப் பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிற இடம் வரும். அங்கே நிறுத்தி, உங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று யோசியுங்கள். இருந்தால் அன்றைக்கு மூன்றாம் அதிகாரத்துக்குப் போக வேண்டாம், அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.