ஸ்னோகிராஸ்: பனித்தடப் பந்தயம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஸ்னோகிராஸ் என்பது பனியில் நடக்கும் மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) தானா?

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். பனியைக் குவித்து மேடுகளும் சாய்வான வளைவுகளும் கட்டிய தடத்தில் ஸ்னோமொபைல்கள் (பனியில் ஓடும் மோட்டார் வண்டிகள்) ஒரே வரிசையில் புறப்பட்டு, பல சுற்றுகள் ஓடும். வண்டிக்கு முன்னால் இரண்டு ஸ்கி, பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, அதாவது டிராக். 1998-ல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் சேர்ந்த பிறகு இந்தப் பந்தயத்துக்குத் தனி மவுசு வந்தது. அமெரிக்காவில் மினசோட்டா இதற்குப் பேர்போன இடம். ஸ்னோமொபைல் தயாரிக்கும் போலாரிஸ், ஆர்க்டிக் கேட் இரண்டு நிறுவனங்களும் பிறந்த மாநிலம் அது. ஸ்வீடன், நார்வே, பின்லாந்திலிருந்தும் அபாரமான வீரர்கள் வருகிறார்கள்.

கேள்வி: உயரமாகப் பறப்பவர்தானே ஜெயிப்பார்?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். டிராக் பனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அது வண்டியை முன்னால் தள்ளும். காற்றில் இருக்கும் நேரமெல்லாம் வேகம் கூட வழியே இல்லை. அதனால் தேர்ந்த வீரர் மேட்டின் உச்சியில் முழங்காலை மடக்கி, வண்டி மேலே எகிறுவதை அமுக்கிவிடுவார். தாழப் பறந்து, அடுத்த மேட்டின் இறங்கு சரிவில் போய் விழுவார். சமதளத்தில் விழுந்தால் சஸ்பென்ஷன் அடித்தட்டு வரை இறங்கிவிடும், முதுகுக்கும் நல்லதில்லை. கைதட்டல் பெரிய பாய்ச்சலுக்குத்தான் கிடைக்கும். நான் பார்ப்பது யார் முதலில் தரையைத் தொட்டு ஆக்சிலேட்டரைத் திறக்கிறார் என்பதை.

கேள்வி: காற்றில் வண்டியின் மூக்கு கவிழ்ந்தால் என்ன செய்வார்கள்?

பதில்: ஆக்சிலேட்டரை அழுத்தினால் டிராக் வேகமாகச் சுழலும், அதற்கு எதிர்விளைவாக மூக்கு மேலே எழும். பிரேக்கைப் பிடித்தால் சுழற்சி நின்று மூக்கு கீழே இறங்கும். சும்மா ஒரு தொடு தொட்டால் போதும். புதியவர்கள் பயத்தில் பிரேக்கைப் பிடித்து, மூக்கை இன்னும் கவிழ்த்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: எத்தனை கியர்?

பதில்: கியரே கிடையாது. பெல்ட்டில் ஓடும் தானியங்கிக் கிளட்ச். மேல்நிலைப் பந்தயங்களில் 600 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்.

கேள்வி: அவ்வளவு குளிரில் எஞ்சின் சூடாகுமா?

பதில்: நன்றாகவே சூடாகும். இந்த வண்டிகளில் டிராக்குக்கு மேலே, இருக்கைக்கு அடியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் அலுமினியக் குழாய்கள் இருக்கின்றன. டிராக் வாரி இறைக்கும் பனிதான் அவற்றைக் குளிரவைக்கிறது. டிராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு உராய்வைக் குறைப்பதும் அதே பனிதான். தடம் வெறும் ஐஸாக இறுகிவிட்டால் பனித்தூள் கிளம்பாது. கூலன்ட் கொதிக்கும், பிளாஸ்டிக் உருகும். மைனஸ் குளிரில் எஞ்சின் சூட்டைப் பற்றிக் கவலைப்படுவது புதியவர்களுக்கு விந்தையாக இருக்கும்.

கேள்வி: முதல் வளைவுக்கு ஏன் அவ்வளவு அடிதடி?

பதில்: முன்னால் போகிறவர் கிளப்பும் பனிப்புழுதியில் பின்னால் வருகிறவருக்குத் தடமே தெரியாது. முதலில் வளைவைப் பிடித்தவருக்குத் தெளிந்த காற்று.

கேள்வி: யாருடைய பழைய பந்தயங்களைப் பார்த்துக் கற்கலாம்?

பதில்: அமெரிக்க ஸ்னோகிராஸ் வீரர் டக்கர் ஹிபர்ட். 2000-ல், 15 வயதிலேயே எக்ஸ் கேம்ஸ் தங்கம் வாங்கியவர். 2007 முதல் 2015 வரை ஒரு வருடம் விடாமல் ஒன்பது தங்கம். குழிகள் நிறைந்த கடைசிச் சுற்றுகளில் மற்றவர்கள் தளர, அவர் உடம்பு அலட்டாமல் நிற்பதைப் பாருங்கள். உடற்பயிற்சியை இந்தப் பந்தயத்தின் பாதியாக நினைக்க வைத்தவர் என்பேன்.

கேள்வி: 2013-ல் எக்ஸ் கேம்ஸ் ஸ்னோமொபைல் விபத்தில் ஒருவர் இறந்தாரே, மகனை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. கேலப் மூர் இறந்தது வேறு பிரிவில். வானில் குட்டிக்கரணம் போடும் ஃப்ரீஸ்டைலில் வண்டி அவர்மேல் விழுந்தது. ஸ்னோகிராஸில் குட்டிக்கரணம் இல்லை. ஆனாலும் 200 கிலோவைத் தாண்டும் வண்டிகள் நெருக்கமாகப் பாய்கின்றன, எலும்பு முறிவு வரத்தான் செய்யும். ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் காப்பு எல்லாம் கட்டாயம் வேண்டும். கில் சுவிட்ச் கயிறு உடம்போடு கட்டியிருக்க வேண்டும். ஆள் விழுந்த கணமே எஞ்சின் அணையும். சிறுவர்களுக்கென 120 சிசி வகுப்பு உண்டு, அங்கேயே தொடங்கட்டும். முதல் பருவம் முழுக்கப் பாய்ச்சலை விடுத்து, வளைவுகளில் உடம்பைச் சாய்க்க மட்டும் பழகினால் எனக்கு நிம்மதி.